மலை வண்டியின் பாட்டு வரிசை

உன் பாட்டுகளை அழித்துவிட்டார்கள். உன் கருமாதிகூட முடியவில்லை. அதற்குள் முதலாளி நீ ஓட்டிய மினி பஸ்ஸிலிருந்த பென்டிரைவைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்து, குத்துப்பாட்டு ஏற்றிவிட்டார். இது தவறு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை, புது ஆல்பங்கள் வரும் நாள். காலையில் கடையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டே போனைப் போட்டேன். மாலி நாட்டிலிருந்து ஒன்று வந்திருந்தது. பெரிய சுரைக்குடுக்கையில் இருபத்தொரு நரம்பு கட்டி வாசிப்பார்களே, அந்த கோரா. கொஞ்சம் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இது மலைப்பாதையின் நான்காம் வளைவுக்கு. உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ உட்காரும் ஸ்டூலில் ரிப்பேருக்கு வந்த மிக்ஸி இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ரேடியோவைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றேன். போனில் பாட்டுத் தேடவும் அப்படியே கற்றேன். நாடோ தீவோ, பெயரை எழுத்துக் கூட்டி அடிப்பேன். செனகல். போர்ச்சுகல். சார்டினியா. நீ கண்ணை மூடிக் கேட்பாய். இடது கை மட்டும், அங்கே இல்லாத கியரைப் பிடித்திருக்கும். "இது ஏத்தத்துக்கு" என்பாய். "இது எறக்கத்துக்கு." பிடிக்காவிட்டால், "இத்த கவர்மெண்ட் பஸ்ஸுக்குக் குடு."

அப்படித்தான் அந்த வரிசை உருவானது. அடிவாரம் தாண்டியதும் செனகல் தாளம். பனி இறங்கும் நான்காம் வளைவில் கோரா. வண்டி முதல் கியரில் முனகும் ஏழாம் வளைவில், சார்டினியாத் தீவின் ஆண்கள் நாலு பேர் அடித்தொண்டையில் பாடுவார்கள். எது என்ஜின், எது குரல் என்று எனக்கே பிடிபடாது. ஜன்னல் வழியே பனி உள்ளே வரும். கடுக்காய் மூட்டைமேல் சாய்ந்து ஆட்கள் தூங்குவார்கள். வண்டி கல்வராயன் மலையில்தான் ஏறுகிறதா, வேறு கண்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று அரைத் தூக்கத்தில் எனக்குத் தோன்றும்.

"இன்னா டிரைவரே, பாட்டு போடறியா, மந்திரிக்கறியா?" என்பான் கண்டக்டர்.

"நீ சும்மா இரு கண்ணு" என்று சாமை மூட்டைக்காரம்மா அவனை அடக்குவாள். "அந்த நரம்புப் பாட்டு கேட்டாதான் எனக்கு வாந்தி வர்றதில்ல."

இறக்கத்துக்குப் போர்ச்சுகல்காரி ஒருத்தியின் பாட்டு. தாலாட்டு என்று நினைத்து ஒரு வருஷம் போட்டோம். மடியில் குழந்தைகளும் தூங்கின. ஒருநாள் மலைமேல் கரியாலூரில் வேலை பார்க்கும் டீச்சர் போனில் அர்த்தம் பார்த்துச் சொன்னாள்: கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்காக அழுகிறாளாம். நான் பாட்டை மாற்றச் சொன்னேன். நீ கேட்கவில்லை. "அவ அழுவட்டும்யா. புள்ளைங்க தூங்குதில்ல?"

இப்போது அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்கிறேன். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

முதலாளி என்னிடம், "ஆளே போயிட்டாரு பெருசு. இந்தப் பாட்ட வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார். அவர் அழித்தது பென்டிரைவில் இருந்ததை. எந்த வளைவுக்கு எது என்பது என் தலையில் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடி வேறொரு பென்டிரைவில் மறுபடி ஏற்றிவிட்டேன். இன்று வந்த கோராவையும் நான்காம் வளைவில் சேர்த்திருக்கிறேன். நீ கேட்காத பாட்டு அது ஒன்றுதான்.

இனி நடக்க வேண்டியது இது. முதலாளி தன் கையாலேயே இந்தப் பென்டிரைவை வண்டியில் செருக வேண்டும். தினமும் வேண்டாம், ஒரே ஒரு நாள், காலை முதல் நடை போதும். வளைவு வரும் முன்னே புது டிரைவர் பாட்டை மாற்றக் கூடாது. கண்டக்டர் சத்தத்தைக் கூட்டக் கூடாது, கிண்டல் பண்ணலாம். சாமைக்காரம்மாவுக்கு முன் சீட்டு கொடுக்க வேண்டும். நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து யாரிடமும் சண்டை போடாமல் வர வேண்டும். கரியாலூருக்கு முந்தின வளைவில் எந்தப் பாட்டும் வேண்டாம். அங்கே நீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "கீழ பாரு" என்பாய். புது டிரைவர் அங்கே பாட்டை நிறுத்தினால் போதும். கீழே பார்ப்பது என் பொறுப்பு.