வெற்றிலைக் கொடியைக் கட்டினேன்

ஐப்பசி, செவ்வாய் இரவு

மாரிக் காற்று தொடங்கிவிட்டது. செத்துப்போன என் மனுசன் நட்ட வெற்றிலைக் கொடி சாய்ந்து கிடந்தது. வருசா வருசம் மழைக்கு முன்னம் இவர்தான் புதுக் கம்பு ஊன்றிக் கட்டுவார். இன்றைக்கு நான் கயிறோடு போனேன். இவருடைய அக்கா அடுப்படிக் குசினி வாசலில் நின்று மறித்தார்.

"செத்த வீட்டுத் துடக்கு, தீட்டுக் கையோட தொடாதையும். கொடி பட்டுப்போம்."

"அப்ப உங்கட மகனை வந்து கட்டச் சொல்லுங்கோ, மச்சாள்."

"அவனுக்கு எங்க நேரம்? விழுந்தா விழட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைசி மூச்சு மட்டும் இவரைத் தூக்கிக் குளிப்பாட்டினது நான்தானே. என்ர கை பட்டோ இவர் செத்தவர்?"

மச்சாள் உள்ளே போய்விட்டார். நான் கணுக் கணுவாகக் கட்டி முடித்தேன்.

இப்போது மழை கொட்டுகிறது. நாளைக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதையும் நான்தான் தொடுவேன்.