நூறைத் தொட்டதும்

ஜூன் 4

அப்பா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இன்று விடுமுறை. காலையிலிருந்து கைபேசியும் கையுமாக இருக்கிறார். எங்கள் சேமிப்பு முழுவதும் ஒரு சின்னக் கம்பெனியின் பங்குகளில் இருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டும் கருவி செய்கிறார்கள். (எனக்கு அந்தக் கம்பெனியை ரொம்பப் பிடிக்கும்.) ஒரு பங்கு இப்போது எழுபத்தொரு ரூபாய். நூறைத் தொட்டதும் விற்றுவிடுவோம். அம்மா வெளிநாட்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

தினமும் காலையில் 'நூறு வந்தால் விற்கவும்' என்று அப்பா கைபேசியில் பதிந்துவைக்கிறார். சாயங்காலம் சந்தை மூடியதும் அது தானாகவே அழிந்துவிடும். பல் தேய்ப்பது மாதிரி.

ஜூன் 9

அம்மா பேசினாள். போன வருடம் அவள் அனுப்பிய சட்டை மணிக்கட்டுக்கு எட்டவில்லை என்று சொன்னேன்.

"இந்த வாட்டி அனுப்பப் போறதில்லடி. நேர்ல வந்து உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயே போட்டுப் பாத்து எடு."

அம்மாவோடு கடைக்குப் போவது எப்படி இருக்கும்? கண்ணாடி முன்னால் நிற்கும்போது பின்னால் அவள் முகமும் தெரியுமே.

ஜூன் 20

கம்பெனியின் ஆண்டறிக்கையை முழுவதும் படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கருவிகளை வாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு நிறுவனம்தான்.

"அவங்க வேண்டாம்னுட்டா என்னப்பா பண்றது?"

"நீ மொதல்ல உன் பரீட்சைக்குப் படி, பெரிய மனுஷி!"

நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 2

எண்பத்தெட்டு! சித்தப்பா வாசலிலேயே ஆரம்பித்தார்: "என்னண்ணே, உங்க கம்பெனி எழுந்து பல்லு தேய்ச்சிடுச்சா, இன்னும் தூக்கமா?" அப்பா சிரித்தார். அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூலை 11

தொண்ணூற்றொன்பது. பள்ளியில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. ஓடிவந்தேன். அப்பா பெருமையாகக் கைபேசியைக் காட்டினார் — நூறை அழித்துவிட்டு நூற்றைம்பது என்று மாற்றிப் பதிந்திருந்தார்.

"போன்ல எங்க பங்குக் குழுவுல எல்லாரும் நூத்தம்பதுங்கிறாங்க. 'கழுகு'ன்னு ஒருத்தர் இருக்காரு, அவர் சொன்னா தப்பவே தப்பாது."

"அப்போ அம்மா?"

"இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா."

இந்தக் 'கொஞ்ச நாளை' நான் மூன்றாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன்.

ஜூலை 12

நூற்றிநான்கு. நூற்றிநான்கு நூறைவிடப் பெரியதில்லையா?

ஜூலை 29

கருவிகளை வாங்கிவந்த அந்த ஒரே நிறுவனம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு. கழுகு குழுவைவிட்டே பறந்துவிட்டது. அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். "சொன்னேனில்ல" என்று வாய்வரை வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

முப்பத்தொன்பது. இன்று காலையும் அப்பா பதிந்துவைத்தார். மறுபடியும் நூறு.

சாயங்காலம் அம்மா பேசினாள். அப்பாவிடம் கோபப்படவே இல்லை. பங்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "உன் சட்டை அளவு சொல்லுடி, கண்ணு" என்றாள்.

அப்பா டேப் எடுத்துவந்து என் தோளில் வைத்து அளந்தார். அவர் சொன்ன அளவை நான் அப்படியே சொன்னேன்.

"ஆனா ரெண்டு அளவு பெருசா எடும்மா."

ஏன் என்று அம்மா கேட்கவில்லை.