பெயர் எழுதாத பலகை

நான்காம் மாதம் 21
மீண்டும் ஆள் பிடித்தார்கள். எங்கள் தெருவில் மூன்று பேரைக் கயிற்றில் கட்டிப் படைக்கு இழுத்துப்போனார்கள். ஊரையே கையில் வைத்திருக்கும் சகோதரர் சபையில் இருப்பவன் வீட்டுப் பக்கம் மட்டும் அவர்களில் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. என் மனைவி மெய்ஃபென் பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகிறது. நான் போனால் இவர்கள் கதி?

அடுத்த மாதம் சபை கும்பிடும் குவான் கூங் சாமியின் திருநாளில் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சபைத் தலைவர் 'பெரிய அண்ணன்' லுவோ தேநீர்க்கடையில் சொன்னார். ஒரே கேள்விதான். "குடும்பத்துல கூத்தாடி, நாவிதன் யாராச்சும் உண்டா?"

உண்டென்றால் சேர்க்க மாட்டார்கள். இல்லை என்றேன். அந்நேரம் அப்பா ஆற்றுக்கு அக்கரையில் யார் தலையையோ சிரைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஐந்தாம் மாதம் 2
பிள்ளை பிறந்ததைப் பெருமை தாங்காமல் படகுக்காரனிடம் சொல்லித் தொலைத்தேன். அப்பா காதுக்குப் போயிருக்குமோ?

ஐந்தாம் மாதம் 6
வந்துவிட்டார். மாதம் நிறைந்ததும் பேரனுக்கு முதல் முடி எடுக்கத்தான், வேறெதற்கு? தோளில் காவடித்தடி, அதன் இரு முனையிலும் சிரைக்கும் சாமான்கள், அடுப்பும் தண்ணீர்ச் சட்டியும். தேநீர்க்கடையில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்ச ஆளா?" என்றார் லுவோ.

"தெரியாதுண்ணே."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு காவடியை இறக்கினார். லுவோ விடவில்லை, எனக்கு மழிக்கச் சொன்னார். என் காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பைப் பார்க்காமலே கத்தி சுற்றிப் போனது.

"ஏற்கெனவே பாத்த தலை மாதிரி சிரைக்கிறியேய்யா?"

"நாப்பது வருசக் கைங்க ஐயா. எல்லாத் தலையும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார்.

ஐந்தாம் மாதம் 9
சத்திரத்தில் அப்பாவுக்குக் கடும் காய்ச்சலாம். ஊருக்குத் திரும்பாமல் ஏன் கிடக்கிறார்? போகவா? போனால் ஊரே பார்க்கும். சத்திரத்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். பாவி நான், பாவி.

ஐந்தாம் மாதம் 11
போய்விட்டார்.

கேட்பாரற்ற பிணத்தை அடக்கம் செய்வது சபையின் வழக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று புதைகுழியில் நடும் பலகையை என்னிடம் கொடுத்தார்கள். 'ஊர் பேர் தெரியாத நாவிதர்' என்று எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறதென்றார்கள்.

ஐந்தாம் மாதம் 13
சேர்ந்துவிட்டேன். சாமி முன்னால் ஊதுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்தேன். லுவோ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முன்னப்பின்ன தெரியாத கிழவனைப் புதைச்சப்போ இவன் அப்படி அழுதான்டா. இவன்தான் நமக்குத் தம்பி."

ஐந்தாம் மாதம் 16
பிள்ளைக்கு மாதம் நிறைந்தது. முடி எடுக்க லுவோவே ஒரு நாவிதனை அனுப்பிவைத்தார். முடியும்வரை பிள்ளை வீறிட்டு அழுதது. அப்பா கையென்றால் அழுதிருக்காது.