முதுகில் முகம் வைத்த மட்டை

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உன் மகள் வாண்டும் சௌக்கியம், சித்தியின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும். வாண்டைக் கோல்ஃப் வகுப்பில் சேர்க்கப் போன அன்றே, கூரைக்குக் கீழே நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றாமல் பேசிய அந்தப் பயிற்சியாளரைப் பார்த்ததுமே, இந்த ஆள் நம் பிள்ளையை அழவைப்பான் என்று சித்தியிடம் சொன்னேன். அப்படி நான் சொல்லவே இல்லை என்று அவள் சாதிக்கிறாள். மனதுக்குள் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்கும்?

அந்தத் தொப்பிக்காரர் உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், பிள்ளை பிடிவாதம், பெரியவர் மட்டையை நாசம் பண்ணிவிட்டார், இப்படியே செய்வதானால் இனிமேல் அனுப்பவேண்டாம் என்று. நீயும் அதை அப்படியே நம்பி நேற்று போனில், 'போதும் சித்தப்பா, நிறுத்திடறோம்னு நானே அவருக்கு எழுதிடறேன், அவ ஒழுங்கா படிக்கட்டும்' என்று சொல்லி வைத்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை பேசவிட்டாயா? போனில் என் வாயை அடைக்கலாம், என் பேனாவை யார் அடைப்பது? எழுதி முடித்ததும் சித்தி இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். சனிக்கிழமை வகுப்புக்குள் நீ நிறுத்துகிறோம் என்று எழுதிவிட்டால் வாண்டின் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், அதனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அவருக்கு எழுது.

அந்த வகுப்பை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கூடத்து வாசலில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது, அதில் நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் இடது கையில் மட்டும் உறை போட்டிருக்கிறார்கள். நான் ஒரு நொடியில் பிடித்துவிட்டேன், இது இடது கைக்காரர்களுக்கென்றே பிறந்த விளையாட்டு, நம் வாண்டுக்குப் பொருத்தமாக வேறு எதுவும் கிடைக்காது என்று. என் வெல்டிங் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, வலது கைக்காரர்கள்தான் இடது கையில் உறை போடுவார்களாம். இப்படி உலகத்தையே குழப்புகிற வழக்கத்தை வைத்தது அவர்கள், பழி என் தலையில்.

கூடம் என்றால் பெரிய கூடம் மகளே, தரை முழுக்கப் பச்சை விரிப்பு, எதிர்ச் சுவரில் வலை, வலையில் சிவப்பு வளையம், ஓரத்தில் பெற்றோர் உட்கார்ந்து போனைத் தடவ நீளமாக ஒரு பெஞ்சு. மாடியில் ஜப்பான் மரவாள் வகுப்பு, அவர்கள் மொத்தமாகக் குதித்துக் கத்தினால் கீழே விளக்கு ஆடும். முதல் வகுப்பிலேயே வாண்டு மட்டையை இடது பக்கமாகப் பிடித்தாள். தொப்பிக்காரர் வந்து கையை மாற்றிவைத்தார். அவள் மறுபடி பழையபடி பிடித்தாள், அவர் மறுபடி மாற்றினார். நான் எழுந்துபோய் இடது கை மட்டை இல்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். 'இங்க எல்லாமே வலது கை மட்டைதாங்க, ஒரு பிள்ளைக்காகத் தனியா வரவழைக்க முடியாது, பழகினா வந்துடும்' என்றார். பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, 'பீச்சாங்கையா, இப்பவே மாத்திடுங்க' என்று இலவசமாக ஒன்று சொன்னாள். அவளை நான் பார்த்த பார்வையில் அவள் போன் சார்ஜ் இறங்கியிருக்கும். வேண்டுமானால் மாடிக்குப் போங்கள், வாளை இரண்டு கையாலும் பிடிக்கலாம் என்று தொப்பிக்காரர் கிண்டலாகச் சொன்னார். போனேன், நான் என்ன பயந்தவனா? அங்கே சொல்லித்தருகிற அம்மாவும் எல்லோருக்கும் வலது கைதான் முன்னால் என்றார், ஆனால், 'வரிசையா நிக்கறப்ப ஒருத்தர் வாள் இன்னொருத்தர் மேல பட்டுடக் கூடாது பாருங்க' என்று காரணம் சொன்னார். காரணம் சொன்னால் எனக்குக் கோபம் வராது. 'பழகினா வந்துடும்' என்பது ஒரு காரணமா?

இதுகூடப் பரவாயில்லை. அடுத்த வகுப்பில் அந்த மனிதர் அவள் வலது கையில் தங்க நட்சத்திரம் ஒன்றை ஒட்டி, 'இதுதான் நம்ம கெட்டிக்காரக் கை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வாண்டு வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் இடது கையை நீட்டி, 'அப்ப இது என்ன கை பாட்டி?' என்று கேட்டாள். உன் சித்தி பிறந்ததிலிருந்து இடது கையால் காய் நறுக்குகிறவள், எனக்கு எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருப்பவள், அன்று கத்தியை மட்டும் கீழே வைத்தாள். அதற்கப்புறம் பிள்ளை டிவி பார்க்கும்போது அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார ஆரம்பித்தாள். கை மரத்துப்போகிற வரைக்கும் எடுக்கமாட்டாள். நீ வேலைக்காக அந்த ஊருக்குப் போனதிலிருந்தே அவள் பேச்சு குறைவு, இப்போது கையையும் ஒளிக்கிறாள். சொல், எனக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

நான் சும்மா இருப்பேனா? இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கதவு நான் பற்றவைத்த கீலில்தான் திறக்கிறது. வீட்டில் பழகச் சொல்லி ஆளுக்கொரு மட்டை கொடுத்திருந்தார்கள், அதைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மட்டையின் தலை ஒரு பக்கம்தானே பார்க்கிறது, அதைத் திருப்பிவிட்டால் இடது கை மட்டை, இது தெரியாமல் தனியாக வரவழைக்க முடியாதாம். சூடு காட்டித் தலையைக் கழற்றி, எதிர்ப்பக்கம் திருப்பி, பசை போட்டு இறுக்கிக் கொண்டுவந்து வாண்டின் கையில் கொடுத்தேன். பார்த்தால் பழையபடியே இருக்கிறது! இன்னொரு முறை கழற்றித் திருப்பினேன், அப்போதும் அதேதான். பேய் பிடித்த மட்டை என்றே முடிவுகட்டினேன். சித்தி வந்து அதை வாங்கி, கைக்குள் கம்பை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, 'ஏங்க, இதுக்கா பட்டறைக்குப் போனீங்க?' என்றாள். உருண்டைக் கம்பில் தலையைத் திருப்புவதும் கையில் கம்பைத் திருப்புவதும் ஒன்றுதானாம். இது எனக்கும் தெரியும், அவளைச் சோதிக்கத்தான் செய்தேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. தலையைத் திருப்பினால்தானே வம்பு, முதுகிலேயே இன்னொரு முகம் வைத்துவிட்டால்? நல்ல கனமான இரும்புத் தகடாக வெட்டி, அரம் போட்டு வழவழப்பாக்கி, மட்டையின் முதுகில் பற்றவைத்தேன். இந்தப் பக்கம் வலது கைக்கு, அந்தப் பக்கம் இடது கைக்கு. உலகத்தில் எவனும் செய்யாத வேலை. கொஞ்சம் கனம் கூடிவிட்டது, அது உண்மை.

போன சனிக்கிழமை வாண்டு அதை இழுத்துக்கொண்டுதான் போனாள். தன் முறை வந்ததும் இடது பக்கமாக நின்றாள். தொப்பிக்காரர் வேறு பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருந்தார். வீசினாள் பார், பந்து விசிலடித்துக்கொண்டு கிளம்பி, சிவப்பு வளையத்தின் நட்டநடுவில் புகுந்து, வலையைக் கிழித்துக்கொண்டு போய், பின்சுவரில் இருந்த கடிகாரத்தில் அடித்து, கடிகாரம் அதே நொடியில் நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்த மொத்தப் பேரும் எழுந்து கைதட்டினார்கள், பீச்சாங்கை என்ற அந்த அம்மா உட்பட. இவ்வளவு திறமையைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் ஓடிவந்து என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கி, 'இது மட்டையா கோடாலியா? யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?' என்று என்மேல் பாய்ந்தார். யாரைக் கேட்டு நட்சத்திரம் ஒட்டினீர்கள் என்று நான் கேட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

ஆகவே மகளே, நிறுத்துகிறோம் என்று நீ எழுதாதே. நீயும் நிறுத்தினால் அந்த நட்சத்திரம் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் இடது கைக்காரி, அதற்கேற்ற மட்டையை வரவழையுங்கள், வரும்வரை எங்கள் மட்டையால் அடிப்பாள் என்று எழுது. கோபமாக எழுதாதே, கோபத்தை என்னிடம் விட்டுவிடு, நான் நன்றாகச் செய்வேன். நீ அங்கே குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, வேலை முடிந்ததும் பேருந்தில் தூங்கிப் போகாதே. உன்னைப் பெற்றது என் அண்ணன் என்றாலும் சைக்கிள் பழக்கியது நான்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். நீயும் உன் வேலையும் எந்தக் குறையும் இல்லாமல் வளரவேண்டும், யார் முன்னாலும் நீ கூனிநிற்கிற நாள் வரவே கூடாது. சனிக்கிழமைக்குள் எழுது, மறக்காதே.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
சித்தப்பா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு வாண்டு இதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'தாத்தா, கடிகாரம் எங்க உடைஞ்சுது?' என்று கேட்டாள். சரி, அந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் கைவைத்துவிட்டேன். பந்து பறக்கவில்லை. மட்டையின் கனத்தில் அவளே ஒரு சுற்றுச் சுற்றினாள், பந்து மெதுவாக உருண்டுபோய்த் தொப்பிக்காரரின் ஷூவில் முட்டி நின்றது, கைதட்டியது நான் ஒருவன்தான். ஆனால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள் மகளே, நீ போன பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை, இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. இப்போது இரண்டு கையையும் வெளியே வைத்துக்கொண்டுதான் டிவி பார்க்கிறாள். மேலே எழுதியதை அடித்துவிடட்டுமா, அம்மாவுக்குப் பறந்தது என்றால்தானே பெருமை என்று கேட்டேன். 'உருண்டுச்சுனே எழுதுங்க தாத்தா, உருட்டினது நான்தானே' என்றாள்.