வெள்ளிக்கிழமைத் தாள்கள்

சாமியார்பேட்டை
4-6-2007

அன்புள்ள மாமாவுக்கு,

பானு எழுதுகிறேன். அத்தையின் மூட்டுவலி தேவலையா? மொட்டை மாடியில் இருக்கும் காற்றில் வரும் தூளைத் தாளில் பிடிக்கும் பெட்டியில் தினமும் தாள் மாற்றி அனுப்புவதற்கு எங்கள் ஆய்வு நிலையத்துச் சார் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். கடல் சூடாகச் சூடாகக் காற்றில் உப்புத்தூள் கூடுகிறதா, அது மழை மேகத்தை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். இங்கே கடற்கரையில் உப்பு இருக்கும். ஒப்பிட உப்பில்லாத ஊர் ஒன்று வேண்டும், அதற்குத்தான் நம் வீடு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை உங்கள் குழாய்ச் சூளையில் மெருகு ஏற உப்பு வீசும்போது அந்தப் புகை நம் மாடி வரை வரும், பெட்டியை மூடிவிடுங்கள். இந்த வருட ஆய்வு தேறினால் எனக்கு வேலை நீட்டிப்பு, ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதியலாம்.

உங்கள் பானுமதி

விருத்தாசலம்
20-8-2007

அன்பு பானுவுக்கு,

“மருமவ கடலக் காவல் காக்குறா, எம்மவன் காயிதத்தக் காவல் காக்குறான்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

நம் வீட்டுத் தாளிலும் உப்பு ஏறுகிறது என்று எழுதியிருந்தாயே, இங்கேயே நிலையம் திறந்து உன்னைப் போடுவார்களா? கேட்டு எழுது.

அறிவழகன்

சாமியார்பேட்டை
3-9-2007

அன்புள்ள மாமாவுக்கு,

சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடல் உப்பு ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வருகிறது என்று அடுத்த மாதம் கூட்டத்தில் என் பெயரையும் சேர்த்து வாசிக்கப் போகிறார். விருத்தாசலத்தில் நிலையம் திறக்கவும் பேச்சிருக்கிறது.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். நேற்று தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். உப்பு ஏறியவை எல்லாமே வெள்ளிக்கிழமைத் தாள்கள். மூடினீர்களா மாமா? உண்மையைச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.

பானுமதி

விருத்தாசலம்
8-9-2007

பானு,

மூடவில்லை. முதல் வாரம் மறந்துதான் போனேன். அந்தத் தாளைப் பார்த்து நீ சந்தோஷமாக எழுதினாய். அப்புறம் வேண்டுமென்றே திறந்து வைத்தேன். உப்பு கூடினால் உன்னை இங்கே மாற்றுவார்கள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாம் சேர்ந்திருந்தது நாலு மாசம்.

சாரிடம் சொல்லாதே. யாருக்குத் தெரியப் போகிறது?

அறிவழகன்

சாமியார்பேட்டை
17-9-2007

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். சார் கத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளை மட்டும் கழித்துவிடலாமே என்று கேட்டேன். “மூடச் சொன்னத மூடாத கையி அனுப்புன மத்த நாள் தாள மட்டும் எப்படிம்மா நம்புறது?” என்றார்.

மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது. விடுதி அறைக்கு வேறு பெண் வருகிறாள். அண்ணி வீட்டில் போய் நிற்க முடியாது. எனக்கு இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். கோபப்பட மாட்டேன் என்று எழுதினேன், முடியவில்லை.

முப்பதாம் தேதி சேத்தியாத்தோப்பு வழி பஸ்ஸில் வருகிறேன். மருமகள் இனி எங்கும் போக மாட்டாள் என்று அத்தையிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது.

பானுமதி