காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு

அக்கா, இன்று மகளுக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டினேன். வாசம் எழுந்ததுமே உங்கள் ஞாபகம். முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்து, மூக்கைச் சுருக்கி, "இது சாமிக்கா, முடிக்கா?" என்று கேட்டீர்களே! சிரித்துக்கொண்டே அவள் முடியை விலக்கினேன். காதுக்குப் பின்னால் அந்தத் தழும்பு. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நைஜீரியாவிலிருந்து வந்து லாபு தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். உங்கள் கணவர் பக்கத்து ஊரான நீலாயில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சபை என்பதால் ஞாயிறுதோறும் எங்கள் காரில்தான் வருவீர்கள். திரும்பி வந்ததும் வாசலில் உட்கார்ந்து எனக்கு முடியை இறுக்கமாகப் பின்னக் கற்றுக்கொடுப்பீர்கள்.

அப்படி ஒரு நாள் என் அப்பாவின் மூக்கிலிருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டீர்கள்.

"எனக்கு முன்ன பொறந்தது எதுவும் தங்கலம்மா. அதான் குப்பையில உருட்டி, மூக்கு குத்தி, குப்புசாமின்னு கூப்பிட்டாங்க. ஞானஸ்நானம் எடுத்தப்ப பேரு மாறிச்சி, ஓட்டை மாறல லா" என்றார் அப்பா.

அதை நான் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. சடைகளை ஒதுக்கி உங்கள் காதுக்குப் பின்னால் காட்டினீர்கள். வெட்டுப்பட்டு ஆறியது போல ஒரு கோடு, ஆனால் பிறக்கும்போதே இருந்ததாம்.

உங்கள் இக்போ மக்களிடம், செத்துச் செத்து அதே தாயிடம் பிறக்கும் பிள்ளைக்கு ஒக்பாஞ்சே என்று பெயராம். உங்களுக்கு முன் இறந்த குழந்தையைப் புதைக்கும்போது, இனி வராதே என்று அதன் காதுக்குப் பின்னால் கீறி அனுப்பினார்களாம். பிறகு நீங்கள் பிறந்தீர்கள், அதே அடையாளத்தோடு. ஊர்ப் பெரியவர்கள் உங்களை எப்போது கிளம்புவாயோ என்கிற மாதிரியே பார்த்தார்கள். உங்கள் அப்பா சபை மூப்பர். அதெல்லாம் பொய், ஓர் உயிர் ஒரே தடவைதான் வரும், போனால் தேவனிடம் போகும் என்றார். சிறு வயதிலிருந்தே உங்களை வாட்டிய உடம்பு வலிக்கு ரத்தத்தில் உள்ள வியாதிதான் காரணம் என்றார் டாக்டர்.

"ஒருத்தர் நீ திரும்பி வருவாய் என்கிறார், ஒருத்தர் வரமாட்டாய் என்கிறார். இருந்துவிடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை" என்றீர்கள்.

வலி முற்றி உங்களைச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாசலில் தாதி என்னை மறித்தாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் போகலாம் கா." உள்ளே கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, "ஷீ இஸ் மை சிஸ்டர்" என்றீர்கள். தாதி உங்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சரி, போங்க லா" என்று விட்டுவிட்டாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். நான் முழுகாமல் இருந்தது அப்போது எனக்கே தெரியாது.

இவள் பிறந்தபோது முதலில் காதைத்தான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சாதாரணப் பிறவி அடையாளம்தான், பயப்படாதீங்க என்றார் பாஸ்டர். ரத்தமும் சோதித்தோம், ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நம்புகிறேன். ஆனால் இவளுக்கு லேசாக மேல் சுட்டாலும் என் கை நேரே அந்த இடத்துக்குத்தான் போகிறது.

இறந்தவர்கள் சொந்தக் குடும்பத்துக்குள்தான் திரும்பி வருவார்கள் என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். நான் உங்கள் ரத்தமில்லையே. அப்புறம்தான் அந்த ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வந்தது. சிஸ்டர் என்றீர்களே அக்கா! என்னை உள்ளே விடச் சொன்ன அதே சொல் உங்களுக்கும் என் வீட்டு வாசலைத் திறந்துவிட்டதோ?

இவள் நீங்களாக இருப்பாளோ என்பதல்ல என் பயம். அப்படியென்றால் எனக்குச் சந்தோஷம்தான். வந்து வந்து போவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதே, அதுதான் பயம்.

அதனால் தினமும் தலை வாரும்போது தழும்பருகே குனிந்து, உங்களுக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். இன்றும் சொன்னேன். "இருந்துடும்மா."

அவள் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "யார்கிட்டம்மா சொல்ற?"

நீங்கள் கற்றுக்கொடுத்தபடி இறுக்கிப் பின்னி அந்த இடத்தை மூடினேன்.