இடது கை பிந்துகிறது

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்கு வெள்ளையடித்து முடிந்தது. பியானோ மறுபடி சுவரோரம் வந்துவிட்டது. டீச்சர் புதுப் பாடம் கொடுத்திருக்கிறார், ஒரே பக்கம். சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேல், மெதுவான நடை. வலது கைக்கு நீண்ட சுரங்களில் ஒரு மெட்டு. இடது கை அடிக்கு ஒரு தரம் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இதுகூடவா வராது என்று நினைத்தேன். கொழுப்பு.

மார்ச் 6, வெள்ளி

வரவில்லை. பியானோவின் தலைமேல், தாளம் எண்ணும் மெட்ரோனோம் ஊசியை ஆட்டி ஆட்டி டிக் டிக் என்கிறது. (என் வீட்டுக்காரி, இவள், அதற்கு வைத்த பெயர் கணக்கு வாத்தியார்.) ஓர் அடிக்குச் சரியாக விழும் இடது கை, அடுத்த அடிக்குப் பிந்துகிறது. மறுபடி சரி, மறுபடி பிந்தல். வலது கைக்கு வேலை குறைவு, அது தப்பித்துக்கொள்கிறது. போதாக்குறைக்குப் பென்சில் வேறு மேலிருந்து உருண்டு உருண்டு விழுகிறது. குனிந்து எடுத்தே இடுப்பு போயிற்று.

மார்ச் 9, திங்கள்

அப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது.

முதலில் நடுக்கம்கூட இல்லை, தாமதம்தான். சட்டைப் பட்டன் போட நேரமெடுத்தார். நடுக்கம் பின்னால் வந்தது. கடைசியில் டம்ளரைப் பிடிக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு என்ன வயது? ஐம்பத்து நாலு. பிழைப்போ மூக்குக்கண்ணாடிக் கடை. எறும்புத் தலை அளவு திருகாணியை முடுக்கும் கை இது. இது போனால் நான் என்ன செய்வேன்? இவளிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஊட்டிவிட்டவள் இவள்தான். இன்னொரு தரம் இவள் தலையிலா?

மார்ச் 12, வியாழன்

வகுப்பு. டீச்சர் வீட்டுப் பியானோவில், அவர் வாயால் எண்ண எண்ண வாசித்தேன். தாளம் பிசகவில்லை என்றார். ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"மைனர்னா அழுதே ஆகணும்னு இல்ல சார். வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வீட்டுக்கு நடந்து வர்ற ஆளு மாதிரி வாசிங்க. கால் வலிக்குது, ஆனா வீடு வந்துரும்னு அவருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லையே டீச்சர்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மறுபடி பிந்தல். அங்கே அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், கையை விட்டதும் விழுகிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அடுத்த வெள்ளி. இவளிடம் பேங்க் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 15, ஞாயிறு

வாசிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கை ஓடவில்லை. நல்ல விதமாக!

கடையில் ஒருவர் பழைய ஃப்ரேமைக் கொண்டுவந்தார், ஒரு பக்கம் இறங்குகிறது என்று. வழக்கம்போல மேஜைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தேன். கோணல் ஃப்ரேம் என்றால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். விரலால் தட்டினேன். டக்... டடக். டக்... டடக்.

அட, இந்த நொண்டல் எனக்குத் தெரியுமே!

அவர் வேலையை முடித்து அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கணக்கு வாத்தியாரைத் தூக்கித் தரையில் வைத்தேன். டிக், டிக், டிக், டிக். பட்டாளத்து நடை. பியானோமேல் வைத்தேன். நொண்டினார். சாய்ந்த இடத்தில் வைத்தால் ஊசி ஒரு பக்கம் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. கையில் குற்றமில்லை. தரைமேல் படுத்து அடியில் பார்த்தேன். பியானோவின் காலுக்கு ஒன்றாக முட்டுக்கொடுத்திருக்க வேண்டிய மரக்கிண்ணங்களில் இடது மூலைக் கிண்ணத்தைக் காணோம். பென்சில் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது! ஊரார் கண்ணாடியையெல்லாம் நிமிர்த்துகிறவன் வீட்டில் பியானோ கோணல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"இதுவா பாருங்க," என்று இவள் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு அடியிலிருந்து கிண்ணத்தை உருவினாள். வெள்ளையடித்த அன்று கீழே கிடந்ததாம், அளவு சரியாக இருந்ததாம்.

சிரிக்க ஆரம்பித்தேன். எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அப்பா, கை, டாக்டர், பேங்க் பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவள் கிண்ணத்தைத் துடைத்தபடியே சொன்னாள்.

"சும்மா சும்மா இடது கையை மடக்கி மடக்கி விரிச்சீங்க. மாமாவைப் பாத்துக்கிட்டவ நான், எனக்குத் தெரியாதா? தினமும் காலைல நீங்க பட்டன் போடறதைப் பாத்துட்டேதான் நின்னேன்."

கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்தாலும் வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போகிறோம் என்று முடித்துவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், கையை முறுக்கிப் பார்த்தார், நடக்கவிட்டார். ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் எட்டிப் பாருங்கள் என்றார். பேசும்போதெல்லாம் அவர் கண்ணாடி மூக்கில் சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. தாங்கவில்லை. கேட்டு வாங்கி அங்கேயே நிமிர்த்திக் கொடுத்தேன். இடது கையால்தான் வளைத்தேன். இவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மார்ச் 22, ஞாயிறு

கிண்ணம் அதன் இடத்தில். வாத்தியாருக்கு லீவு கொடுத்துவிட்டு வாசித்தேன். அதே மைனர், அதே மெதுநடை. கடைசி வரியில், டீச்சர் சொன்ன அந்த ஆளுக்குத் தன் தெருமுனை தெரிந்திருக்க வேண்டும். நடையில் அவசரமே இல்லை.

மார்ச் 23, திங்கள்

கடைக்குக் கிளம்பினேன். கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு பட்டனாகப் போட்டேன். கடைசியாக, இடது கையால் வலது மணிக்கட்டுப் பட்டன். இவள் எனக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.